ராஜகிரி, மரப்பாலம், நாலாவது குன்று

1

நம்ம பக்கத்தில் ஒருத்தன் கொஞ்சம் மிதப்பாக நடந்தால் போதும், 'பெரிய தேசிங்கு ராஜான்னு நெனப்பு' என்பார்கள். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் செஞ்சியைப் பார்த்தவர்கள் இல்லை. கதைப்பாடல் வழியாகவும், கூத்து வழியாகவும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் வழியாகவும் அந்த ராஜா நம் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். அவனோடு சேர்ந்து அவனுடைய குதிரையும் சிநேகிதனும் வந்தார்கள். அவன் இருந்த மலை மட்டும் ஏனோ வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மலையைப் பற்றியது. அதன் உச்சிக்குப் போகிற ஒரு சின்ன மரப்பாலத்தைப் பற்றியது. அதே கோட்டை வரிசையில் கடைசியாக எண்ணப்படுகிற, அல்லது எண்ணாமலேயே விடப்படுகிற, இன்னொரு குன்றைப் பற்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல்ஷாப்பு வாடையிலேயே வளர்ந்த நமக்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டு பெயர்கள் அந்தச் சம்பந்தத்தைச் சொல்கின்றன. ஒன்று, செஞ்சி ராணியின் பெயரால் ஏற்பட்டது என்று சொல்லப்படும் நம்முடைய ராணிப்பேட்டை. மற்றது, செஞ்சியிலேயே இருக்கிற சக்கிலிய துர்க்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது செஞ்சி. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம் என்கிற சந்திரகிரி. இந்த மூன்று மலைகளையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். மதிலுக்குள் அடங்கிய நிலம் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்கு 'ராணிக்கோட்டை' என்றும் பெயர் உண்டு. சந்திரகிரியை அடுத்து, உயரத்திலும் மதிப்பிலும் குறைந்ததாகச் சொல்லப்படும் நாலாவது குன்றுதான் சக்கிலிய துர்க்கம். வடக்கேயிருந்து வந்தவர்கள் அதையே தங்கள் பாஷையில் 'சமார் டிக்ரி' என்றார்கள். மொழி மாறியது, சாதி மாறவில்லை.

ராஜாவுக்கு ஒரு மலை, ராணிக்கு ஒரு மலை, தோல் வேலை செய்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு குன்று. வர்ண தர்மத்தை ஏட்டில் படித்து அலுத்தவர்கள் செஞ்சிக்குப் போய் வரலாம். அங்கே அது கருங்கல்லில் இருக்கிறது.

2

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். படி ஏறிப் போனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவல் இடம். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். எல்லாம் தாண்டி, இதோ உச்சி என்று நினைக்கிற இடத்தில் மலை சட்டென்று பிளந்து நிற்கிறது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இயற்கையாக அமைந்த பிளவு. இதைத் தாண்டினால்தான் மேலே உள்ள உள்கோட்டை, ரங்கநாதர் கோயில், களஞ்சியம் எல்லாம். தாண்டுவதற்கு ஒரே வழி மரப்பாலம்தான். ஆபத்து வந்தால் பாலத்தை எடுத்துவிடலாம். பத்துப் பேர் இருந்தால் இந்த இடத்தில் ஒரு சேனையையே தடுத்து நிறுத்தலாம் என்று பழைய வழிகாட்டி நூல்கள் வியந்து எழுதியிருக்கின்றன.

வியப்பு இருக்கட்டும். இந்தப் பாலம் கோட்டை என்றால் என்ன என்பதை நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மதிலைப் பார்த்துக் கோட்டையைப் புரிந்துகொள்ள முடியாது. மதில் எல்லோரையும் ஒன்றுபோலத்தான் தடுக்கிறது. பாலம்தான் ஆளைப் பார்த்து வேலை செய்கிறது. யார் வரலாம், எப்போது வரலாம், எதைச் சுமந்துகொண்டு வரலாம், வேலை முடிந்ததும் எப்போது கீழே போய்விட வேண்டும் என்பதையெல்லாம் பாலம் முடிவு செய்கிறது. அதிகாரம் என்பது அடிக்கிற கையாக மட்டும் இருப்பதில்லை. நடமாட்டத்தை ஒழுங்குபடுத்துகிற ஏற்பாடாகவும் இருக்கிறது என்று பூக்கோவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற பாதையைப் பார்த்தாலே தெரியும். சேரி ஆளின் உழைப்பு அந்தப் பாதை வழியாகத் தினமும் ஊருக்குள் போகும். தேர் வராது, பிணம் போகாது. தேவைப்பட்டால் போடுவது, இல்லையென்றால் இழுத்துக்கொள்வது: அதுவும் ஒரு மரப்பாலம்தான். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராஜகிரி இருக்கிறது.

இந்த மலையில் முதலில் கோட்டை கட்டியவன் ஆனந்தக் கோன் என்கிறது 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. மெக்கன்சி சுவடிகள் சேகரித்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாராயணக் கோன் என்பவர் தொகுத்துக் கொடுத்த நூல் அது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு மலையில் புதையல் கிடைத்தது, அவன் அரசனானான் என்று கதை. 'கோன்' என்ற சொல் தமிழில் மேய்ப்பவனுக்கும் அரசனுக்கும் பொது. மேய்ப்பவன் மேலே ஏறி அரசனாகிவிட்டான். ஆட்டையும் மாட்டையும் தோலாக்கியவன் எங்கே போனான் என்பதுதான் நம் கேள்வி.

அவன் எங்கேயும் போகவில்லை. அவன் இல்லாமல் கோட்டை ஒரு நாளும் இயங்கியிருக்க முடியாது. குதிரைக்குச் சேணம், கடிவாளம், வாளுக்கு உறை, காலுக்குச் செருப்பு, முரசுக்கும் பறைக்கும் தோல், கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கத் தோல்சால் என்று அந்தக் காலத்து ராணுவத்தின் உடம்பு முழுக்கத் தோல்தான். கோட்டைக்குள் நெற்களஞ்சியத்தைக் காட்டுகிறார்கள், குதிரை லாயம், கல்யாண மகால், அங்கே தண்ணீர் கொண்டுவந்த குழாய் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். லாயத்தில் குதிரை மட்டும் நின்றதா? சேணம் தைத்தவன் நிற்கவில்லையா? அவனை ஞாபகம் வைத்திருப்பது அந்த நாலாவது குன்றின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரும் வசையாகவே நம் காதில் விழுகிறது. இன்று தங்களை அருந்ததியர் என்று அழைத்துக்கொள்கிற மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல் அது. ஆனால் அந்தச் சொல்லை அழித்துவிட்டால் அந்த மக்கள் அங்கே இருந்ததற்கான தடயமும் சேர்ந்து போய்விடும். எனவே பெயரை மறைக்காமல், அதை எதிர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

3

பத்துப் பேர் காக்கக்கூடிய பாலம் கோட்டையைக் காப்பாற்றியதா? வரலாற்றைப் பார்க்கலாம்.

விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர் சுல்தானியம் செஞ்சியைப் பிடித்தது. 1677இல் சிவாஜியிடம் வந்தது. பெரிய சண்டை எதுவுமில்லை. பேச்சு, பேரம், முடிந்தது. அதே படையெடுப்பில் வேலூர் அப்படி மசியவில்லை. அகழி சூழ்ந்த வேலூர்க் கோட்டையை வளைத்துக்கொண்டு மராட்டியர் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார வேண்டியிருந்தது. 1678இல்தான் அது விழுந்தது. வேலூருக்குக் கிழக்கே தெரிகிற மலைக்கோட்டைகளுக்கு வழங்கும் சஜ்ஜரா, குஜ்ஜரா என்ற பெயர்கள் அந்த மராட்டியக் காலத்தை ஞாபகப்படுத்துகின்றன.

அடுத்தது 1690இல் தொடங்கிய பெரிய முற்றுகை. சிவாஜியின் மகன் ராஜாராம் தக்காணத்திலிருந்து தப்பி வந்து செஞ்சியில் ஒரு தலைநகரமே அமைத்திருந்தான். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் வந்து வளைத்தான். முற்றுகை ஏழு வருஷத்துக்கு மேல் இழுத்தது. முற்றுகை என்றால் நாம் சினிமாவில் பார்க்கிற மாதிரி தினமும் ஏணி போட்டு ஏறுவதில்லை. தானியத்துக்காக நடக்கிற சண்டை அது. வளைத்தவனுக்கே சில சமயம் சோறு கிடைக்காமல் போனது. வெளியேயிருந்து வந்த மராட்டியக் குதிரைப்படை முகலாயப் பாளையத்தையே முற்றுகையிட்டது. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசினான் என்று சொந்தப் பாளையத்திலேயே கைது செய்யப்பட்டான். ஜுல்பிகர் கானே வேண்டுமென்றுதான் இழுக்கிறான் என்ற பேச்சும் இருந்தது. மேலே இருப்பவர்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாலங்கள் எப்போதும் உண்டு.

1697இன் கடைசியில் சண்டை மும்முரமானது. அப்போது முதலில் விழுந்தது எது தெரியுமா? சக்கிலிய துர்க்கம்தான். தாவூத் கான் பன்னி ஒரே நாளில் அதை மோதிப் பிடித்தான். அதன் பிறகே சந்திரகிரிக்கு எதிரே வந்து பாளையம் போட முடிந்தது. அந்தச் சமயத்தில் ராஜாராம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வேலூருக்குப் போய்விட்டான். வேலூர் அப்போதும் மராட்டியர் கையில்தான் இருந்தது. அவன் குடும்பம் ராஜகிரி உச்சியில் மாட்டிக்கொண்டது. 1698இன் தொடக்கத்தில் கீழே எல்லாம் விழுந்த பிறகு, மேலே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். சரணடைய மறுத்த அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மலையிலிருந்து குதித்தாள். பாலம் அப்படியே இருந்தது. அதில் ஒருவனும் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சாயங்காலம் கீழ்க்கோட்டை வாசலை வெடிவைத்துத் தகர்த்தான். விடிவதற்குள் மூன்று மலைகளும் அவன் கையில். 'வெல்லவே முடியாதது' என்று பேரெடுத்த இடம் ஒரே ஒரு ராத்திரிதான் தாங்கியது. அங்கே காவலுக்கு இருந்த பிரெஞ்சு வீரர்களை அதன்பின் எதிரியைவிடக் காய்ச்சல்தான் அதிகம் கொன்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஏப்ரலில் ஆங்கிலேயர் வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்தார்கள்; இனி உதவி வராது என்று தெரிந்ததும் ராஜகிரியில் இருந்தவர்கள் உடன்படிக்கை பேசி இறங்கிவிட்டார்கள்.

இந்த வரிசையிலிருந்து ஒன்று தெரிகிறது. ராஜகிரியின் கதி எப்போதும் கீழேதான் முடிவாகியிருக்கிறது. அரிசி கீழேயிருந்து வருகிறது, ஆள் கீழேயிருந்து வருகிறார்கள், வெடிமருந்தும் சேணமும் கீழேயிருந்துதான் வருகின்றன. கீழே உள்ள குன்று போனால் மேலே உள்ள மலை வெறும் பாறை. பாலத்தை இழுத்துக்கொண்டால் எதிரி வர முடியாது, சரி; சோறும் வராதே. மேலே இருப்பவன் தன்னைத் தனியாகப் பிரித்துக்கொள்ள எவ்வளவு சாமர்த்தியமாக ஏற்பாடு செய்கிறானோ அவ்வளவுக்குக் கீழே இருப்பவனை நம்பியிருக்கிறான். நம்பியிருப்பதை மறைக்கத்தான் கடைசிக் குன்றுக்கு அந்தப் பெயர்.

4

இப்போது தேசிங்குக்கு வரலாம். முகலாயர் செஞ்சியைப் பிடித்த பின் புந்தேலா ராஜபுத்திரனான சொரூப் சிங் அதன் கில்லேதார் ஆனான். 1714இல் அவன் இறந்தான். மகன் தேஜ் சிங், நம் வாயில் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டான். இவன் மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி நடந்த சண்டையில் இறந்தான். வயது 22 என்பார்கள். ஆண்டது பத்து மாதம்.

கவனிக்க வேண்டியது, இவன் பாலத்தை இழுத்துக்கொண்டு மேலே உட்காரவில்லை. இறங்கி வந்து சமவெளியில் சண்டை போட்டான். அன்றைக்குச் செஞ்சி ஆற்றில் வெள்ளம். குதிரையில் நீந்திக் கடந்தவன் பின்னால் மிகச் சிலரால்தான் கடக்க முடிந்தது, படையின் பெரும்பகுதி அக்கரையிலேயே நின்றுவிட்டது என்று சொல்லப்படுகிறது. ஆளைப் பிரிக்க உச்சியில் ஒரு பாலம் வைத்திருந்தார்கள். ஆளைச் சேர்க்க ஆற்றில் ஒன்று இல்லை.

கதைப்பாடல் இந்தத் தோல்வியைத்தான் எடுத்துக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: செஞ்சியை ஜெயித்தவர்கள் எத்தனை பேர்! சிவாஜி, ஜுல்பிகர் கான், புஸ்ஸி. தமிழ்க் கிராமத்தான் இவர்கள் யாருக்கும் பாட்டுக் கட்டவில்லை. தமிழனே அல்லாத, பத்து மாதம் மட்டும் ஆண்ட, வடக்கத்தி இளைஞனுக்குப் பாட்டுக் கட்டினான். அவனோடு மோவுத்துக்காரன் என்று பாட்டு அழைக்கிற முகமதியச் சிநேகிதன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்து செத்தவன். அவனுக்கும் குதிரை நீலவேணிக்கும் நீலாம்பூண்டியில் சமாதி காட்டுகிறார்கள்.

இதில் எதிர்ப்புக் குரலை மட்டும் கேட்பது சுலபம். ஆற்காட்டு நவாபின் வரிக்கு எதிரான குரல் பாட்டில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தேசிங்கு மறுத்த கப்பம் குடியானவனிடம் வாங்காமல் விட்ட கப்பமா என்ன? மேலே ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் நடந்த பாகப்பிரிவினைச் சண்டை அது. கீழே இருப்பவன் அதைத் தன் சண்டையாகப் பாடுகிறான். கிராம்சி 'ஒப்புதல்' என்று சொன்னது இங்கேயும் வேலை செய்கிறது. அதே சமயம், மதக் கலவரத்தைத் தொழிலாகச் செய்கிறவர்கள் பெருகிய காலத்தில், இந்து ராஜாவும் முஸ்லிம் சிநேகிதனும் ஒரே களத்தில் இறந்ததை முந்நூறு வருஷமாக மறக்காமல் வைத்திருக்கும் பாட்டு சாதாரணப்பட்டதில்லை. நவாபும் முஸ்லிம், மோவுத்துக்காரனும் முஸ்லிம். சண்டை மதச் சண்டை இல்லை என்பது பாடினவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாட்டு ஒரு பாலத்தைப் போடுகிறது. நாலாவது குன்றுக்கு மட்டும் போடவில்லை.

5

தேசிங்கு இறந்ததும் அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். செட்டிக்குளத்தின் கரையில் அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். அவள் நினைவாகச் சாதத்துல்லா கான் பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே ஒரு பேட்டையை ஏற்படுத்தினான் என்பது வழக்கு. அதுவே ராணிப்பேட்டை.

எதிரியின் மனைவிக்கு ஊரையே கொடுத்த பெருந்தன்மை என்று இதைச் சொல்வார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கொன்றவனுக்கு இதில் என்ன நஷ்டம்? எரிந்துபோனவள் பாக்கி கேட்க வரமாட்டாள், வாரிசு உரிமை பேசமாட்டாள். பெண்ணை எரிக்கிற வழக்கம் ஜெயித்தவன், தோற்றவன் இருவர் கண்ணிலும் கௌரவமாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஒற்றுமைக்குத்தான் ஊர் எழுந்தது. 1698இல் ராஜகிரியிலிருந்து குதித்த பெண்ணுக்கு ஊரும் இல்லை, கதைப்பாடலும் இல்லை. எந்தச் சாவு ஞாபகத்துக்கு உரியது என்று தீர்மானிப்பதும் பாலத்தைக் கையில் வைத்திருப்பவன்தான்.

அந்தப் பேட்டை பின்னால் தோல் ஊரானது. முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், 20ஆம் நூற்றாண்டில் குரோமும். முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகர்கள், சுண்ணாம்புக் குழியிலும் தொட்டியிலும் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். செஞ்சியில் கடைசிக் குன்றுக்குக் கொடுத்த பெயருக்குரிய வேலை, இங்கே ஏற்றுமதியாகி அந்நியச் செலாவணியானது. வேலைக்கு வந்த மதிப்பு வேலை செய்தவனுக்கு வரவில்லை. தோல் கப்பல் ஏறியது. கழிவு பாலாற்றில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்துகிறவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பு அது. ஏறத்தாழ 30 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30இல், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் நடந்தது என்ன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நடுவில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தேசிங்கும் வடக்கேயிருந்து வந்தவன்தான், சிறுவயதில் செத்தவன்தான். அவனுக்குப் பாட்டு இருக்கிறது, அவன் மனைவி பெயரில் இந்த ஊரே இருக்கிறது. அதே ஊரில் தூக்கத்தில் செத்த இந்தப் பத்துப் பேருக்கு?

ஆற்காட்டிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகிற பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே பாருங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் முள்ளும்தான். ராஜகிரியில் பள்ளம் இருந்ததால் பாலம் வந்தது. இங்கே ஆறு இருந்ததால் பாலம் வந்தது. இப்போது பாலம் மட்டும் இருக்கிறது.

6

2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலவமைப்புகள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடைய செஞ்சி. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பராமரிப்புக்குப் பணம் வரும், ஆள் வருவார்கள். ஆனால் பெயர்? மராட்டியர் செஞ்சியை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை, 21 வருஷம். கோன், நாயக்கர், பிஜப்பூர், முகலாயர், புந்தேலா, நவாப், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று கை மாறிய ஒரு இடத்தை ஒரே கையின் பெயரில் பதிவு செய்கிறார்கள். இதற்கு எதிராக 'இது தமிழர் கோட்டை' என்று இன்னொரு பெயரை மேலே எழுதுவது மட்டும் பதிலாகாது. அதுவும் உச்சிக்கு யார் சொந்தக்காரன் என்ற பழைய வழக்குதான். மேலே ஏறிப் பாலத்தை இழுத்துக்கொள்ள இன்னொருவர் தயாராகிறார், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது வேறு. செஞ்சியில் வைக்கிற பலகைகளில் நாலாவது குன்றின் வரலாறும் இருக்க வேண்டும்: அதன் பெயர் எந்தச் சாதி ஏற்பாட்டைக் காட்டுகிறது, 1697இல் அது விழுந்ததால் என்ன ஆனது, சேணமும் உறையும் முரசும் செய்தவர்கள் யார் என்று. தேசிங்கு கதையைப் பாடத்தில் வைத்தால் மோவுத்துக்காரனை விட்டுவிடாமல் வைக்க வேண்டும். ராணிப்பேட்டை எப்படி ஊரானது என்று சொல்கிறவர்கள் உடன்கட்டையை அழகுபடுத்தாமல் சொல்ல வேண்டும். அந்த ஊரிலேயே, 2015இல் செத்த பத்துப் பேரின் பெயர் பொறித்து ஒரு கல் நட வேண்டும். இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. எழுத்தாளர்களும் சங்கத்துக்காரர்களும் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடிய காரியங்கள்தான். முதல் இரண்டுக்குத் தொல்லியல் துறையிடமும் கல்வித் துறையிடமும் மனு கொடுக்கலாம். மூன்றாவது நம் பேச்சில், நம் எழுத்தில் தொடங்க வேண்டியது. கடைசிக்கு யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை. கல்லை நாமே நடலாம்.